மும்பை சோர் பஜாரில் பழைய கேமரா லென்ஸ் வாங்கப் போகிறவர்களுக்கு

பழைய லென்ஸ்களில் ஹீலியோஸா டகுமாரா, எந்தப் பெயரை வாங்குவது என்று மண்டையைக் குடைந்துகொள்வதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் மொபைல் டார்ச்சை எடுங்கள். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டித் தீர்க்கும் மழை ஈரத்தில் வருஷக்கணக்காக அலமாரியில் கிடந்த லென்ஸ். பூஞ்சை பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

இரண்டு மூடியையும் கழற்றி, அப்பர்ச்சரை, அதாவது வெளிச்சம் புகும் துளையை, முழுக்கத் திறந்து, பின்னாலிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி கிளை பிரிந்து ஓடினால் பூஞ்சை. கண்ணாடி மேலுள்ள மெல்லிய பூச்சை (கோட்டிங்) அரித்திருந்தால் துடைத்தாலும் தடம் போகாது. பால் படர்ந்த மாதிரி மங்கல் இருந்தால் எதிர்வெளிச்சத்தில் படம் வெளுத்துப்போகும், அதையும் விட்டுவிடுங்கள். நாலைந்து தூசு படத்தில் தெரியாது, பேரம் பேசத்தான் உதவும். 50 மி.மீ. எஃப் 1.4 சூப்பர் டகுமார் மஞ்சளித்திருந்தால் பயம் வேண்டாம். கண்ணாடியில் தோரியம் கலந்ததால் வருகிற நிறம் அது. சில நாள் புறஊதா விளக்கடியில் வைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

அடுத்தது அடாப்டர், பழைய லென்ஸை இன்றைய கேமராவில் மாட்ட உதவும் வளையம். எம்42 என்ற திருகு வகை லென்ஸுக்கு மவுண்ட்டிலிருந்து (லென்ஸ் மாட்டும் இடம்) சென்சார் வரை 45.46 மி.மீ. தூரம் வேண்டும். சோனியின் மிரர்லெஸ் கேமராக்களில் உள்ள இ மவுண்ட்டில் இருப்பது 18. மீதி 27.46-ஐ அடாப்டர் ஈடுகட்டுகிறது. அது கொஞ்சம் குட்டையாக இருந்தால் லென்ஸில் எழுதிய தூரக்கணக்கு பொய்யாகும், அவ்வளவுதான். தடிமனாகிவிட்டால் தூரத்துக் கட்டடம் ஃபோகஸே ஆகாது, திருப்பிக் கொடுங்கள். நிக்கான் டிஎஸ்எல்ஆரில் அந்தத் தூரமே 46.5. நடுவில் ஒரு கண்ணாடி சேர்த்தால்தான் தொலைவு ஃபோகஸ் ஆகும், மலிவான கண்ணாடி படத்தைக் கெடுக்கும். அந்த வழியே வேண்டாம் என்பேன்.

அப்பர்ச்சர் வளையத்தை எஃப் 8-க்குத் திருப்பியும் துளையைச் சுருக்கும் பிளேடு அசையவில்லையா? லென்ஸ் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஆட்டோ–மேனுவல் சுவிட்ச் இல்லாத எம்42 லென்ஸ்களில் பின்னாலுள்ள சின்ன ஊசி அழுந்தினால்தான் பிளேடு மூடும். விரலால் அழுத்திப் பாருங்கள். மூடினால், ஊசியை அழுத்தும் விளிம்புள்ள அடாப்டராகக் கேட்டு வாங்குங்கள்.

கேமரா மெனுவில் ‘லென்ஸ் இல்லாமல் ஷட்டர்’ என்பதை ஆன் செய்யாவிட்டால் பல மாடல்களில் ஷட்டரே அடிக்காது. கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசேஷனுக்கு, லென்ஸில் எழுதியுள்ள மி.மீ. எண்ணை, உதாரணமாக 58 என்றால் 58-ஐ, அப்படியே போடுங்கள். சின்ன சென்சார் (கிராப் சென்சார்) என்று 1.5-ஆல் பெருக்கி 87 ஆக்கவேண்டாம். முகத்தை எடுக்கும்போது, எஃப் 2-வில், ஃபோகஸ் ஆன விளிம்பைக் காட்ட கேமரா திரையில் போடும் நிறக்கோட்டை (ஃபோகஸ் பீக்கிங்) நம்பினால் கண்ணுக்குப் பதில் காதுதான் தெளிவாக வரும். பெரிதாக்கிப் பார்த்தே ஃபோகஸ் செய்யுங்கள்.

வீட்டில் காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதமானி. ஈரம் 40–50 சதவீதத்தில் நிற்கட்டும். லென்ஸோடு வந்த தோல் உறை எவ்வளவு அழகாக இருந்தாலும் டப்பாவுக்கு வெளியே இருக்கட்டும். ஈரத்தைப் பிடித்து வைப்பது அதுதான்.