நானோ ராடு தானா நேரா நிக்குமா?

ப்ராஜெக்ட் பசங்க குரூப்ல ஒரு மெசேஜ் சுத்துது: சிங்க் நைட்ரேட்டும் ஹெக்ஸமினும் தண்ணில கலந்து 90 டிகிரில கண்ணாடிய போட்டா சிங்க் ஆக்சைடு நானோ ராடு (கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லிசான குச்சி) தானா செங்குத்தா வளருமாம், எவ்ளோ நேரம் விடுறோமோ அவ்ளோ நீளமாம். பாதி சரி, பாதி கப்சா.

ரெசிபி உண்மைதான், ஆனா வெறும் கண்ணாடில போட்டா அங்கங்க திட்டு திட்டா, ஆளுக்கொரு பக்கம் சாஞ்ச ராடுதான் கிடைக்கும். நேரா நிக்க வைக்கிறது அடியில இருக்கற சீட் லேயர், அதாவது ராடு முளைக்கறதுக்கான விதை அடுக்கு. சிங்க் அசிடேட்ட மெல்லிசா தடவி 350 டிகிரி வாக்குல சூடு பண்ணா குட்டி குட்டி சிங்க் ஆக்சைடு படிகம் உண்டாகும், அதுல நிறைய படிகத்தோட சி-அச்சு (ராடு நீளமா வளர்ற திசை) மேல பாத்து இருக்கும், ராடும் அதே திசைய புடிச்சு ஏறும். இத விட்டுட்டு டெம்பரேச்சர மாத்தி மாத்தி பாக்கறது வேஸ்ட்டு.

நேரம் கூட்டினா நீளம் கூடும்ங்கறதும் ஒரு அளவுக்குத்தான். கொஞ்ச நேரத்துல கரைசல் பால் மாதிரி வெளுத்துடும் பாருங்க, அப்ப சிங்க் கரைசலுக்குள்ளயே பொடியா மாறி வீணாகுதுன்னு அர்த்தம், அதுக்கப்புறம் ராடுக்கு ஊட்டம் இல்ல, வளர்ச்சி நின்னுடும். ரொம்ப நேரம் ஊறவிட்டா நுனி கரைஞ்சு குழாயா கூட ஆகலாம். நீளம் வேணும்னா புது கரைசல் மாத்துங்க, இல்ல கரைசலுக்குள்ள பொடி உண்டாகறத குறைக்கற பாலிஎத்திலீன்இமைன்ங்கற பாலிமர கொஞ்சம் சேருங்க, ஸ்லைடையும் சீட் பக்கம் கீழ பாக்கற மாதிரி கவுத்து வைங்க, இல்லன்னா அந்தப் பொடி மேலயே படிஞ்சு சாம்பிள் போச்சு.