ஃபோர்க்குக்கு முன் பிரேக்கைப் பாருங்கள்

மலைச் சைக்கிள் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, முன்சக்கரத்தைத் தாங்கும் முன்ஃபோர்க் எத்தனை மில்லிமீட்டர் அமுங்கும் என்பதைத்தான். கடைக்காரரும் ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் அழுத்தி, ஃபோர்க் அமுங்கி எழுவதைக் காட்டியே வியாபாரத்தை முடித்துவிடுகிறார். பிரேக் என்ன வகை, சக்கரத்தோடு சுழலும் உலோகத் தட்டான டிஸ்க் என்ன அளவு, அதைக் கவ்வி நிறுத்தும் பேட் தேய்ந்தால் மாற்றுப் பேட் எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பவர்கள் மிகவும் குறைவு. அளவான பணத்தோடு சைக்கிள் வாங்குகிறவர், அதிலும் மலைப்பாதைகளில் ஏறி இறங்க ஆசைப்படுகிறவர், அந்தப் பணத்தை முதலில் பிரேக்கில்தான் போட வேண்டும் என்பதும், மிச்சம் இருந்தால் மட்டுமே ஃபோர்க்கைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏறும்போது நம் காலும் மூச்சும் மட்டுமே சோதிக்கப்படுகின்றன. சைக்கிளின் உண்மையான சோதனை இறங்கும்போதுதான் தொடங்குகிறது. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொண்டால், 1000 மீட்டர் உயரம் இறங்கும்போது சுமார் 880 கிலோஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. 30 டிகிரியில் இருக்கும் 3 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். நேரான சாலையில் வேகமாகப் போனால் அதில் பெரும்பகுதியைக் காற்றின் தடை எடுத்துக்கொள்ளும். ஆனால் வளைவுக்கு மேல் வளைவு வரும் பாதையில் வேகம் எடுக்கவே வழியில்லை என்பதால், அந்த வெப்பத்தில் பெரும்பங்கு இரண்டு மெல்லிய டிஸ்குகளிலும் நான்கு சிறிய பேட்களிலும்தான் போய்ச் சேர்கிறது.

இந்த விளையாட்டின் வரலாறும் இதையே காட்டுகிறது. கலிபோர்னியாவின் மரின் கவுன்டியில் 1976இல் தொடங்கிய இறக்கப் பந்தயத்தில், பழைய கனத்த சைக்கிள்களின் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பின்சக்கரக் கோஸ்டர் பிரேக், அடிவாரம் சேர்வதற்குள் உள்ளே இருந்த கிரீஸ் புகைந்து போகும் அளவுக்குச் சூடேறிவிடும். ஒவ்வோர் இறக்கத்துக்குப் பிறகும் சக்கரத்தின் நடு உருளையான ஹப்பைப் பிரித்து மீண்டும் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பந்தயத்துக்கு ரீபேக் என்றே பெயர் நிலைத்தது. ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் ஆர்எஸ்-1 என்ற அமுங்கும் (சஸ்பென்ஷன்) ஃபோர்க் வந்தது 1989இல்தான். அதுவரை மலையிறங்கியவர்கள் அமுங்காத ஃபோர்க்கோடு சமாளித்துக்கொண்டார்கள். பிரேக் இல்லாமல் எவராலும் சமாளிக்க முடிந்ததில்லை.

கம்பியால் இழுபடும் டிஸ்க் பிரேக்கைவிட எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கையே நான் பரிந்துரைக்கிறேன். கம்பி வகையில் பேட் தேயத் தேய நாம்தான் திருகித் திருகிச் சரிசெய்ய வேண்டும். அதில் பெரும்பாலான மலிவு மாதிரிகளில் ஒரு பக்கத்துப் பேட் மட்டுமே நகர்ந்து டிஸ்கை மறுபக்கம் நோக்கி வளைத்துப் பிடிக்கிறது. ஹைட்ராலிக்கில் பேட் தேயும் அளவுக்குப் பிஸ்டன் தானே முன்னகர்ந்துகொள்ளும். ஒற்றை விரலின் அழுத்தமே போதும் என்பதால் நீண்ட இறக்கத்தில் கை மரத்துப்போகாது. ஷிமானோவின் அடிமட்ட ஹைட்ராலிக் மாதிரியான எம்டி200 கூட, பெயர் தெரியாத கம்பி டிஸ்க்குகளைவிடப் பல மடங்கு நம்பிக்கையானது. முன்சக்கரத்தில் 160 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிஸ்க் இருந்தால் 180க்கு மாற்றுங்கள். அதே அழுத்தத்துக்கு நிறுத்தும் விசை எட்டில் ஒரு பங்கு கூடுவதோடு, வெப்பத்தை வாங்கி வெளியேற்ற உலோகமும் கூடுகிறது. இதற்குத் தேவை புது டிஸ்கும் ஓர் அடாப்டரும்தான். ஃபோர்க் எவ்வளவு பெரிய டிஸ்கை ஏற்கும் என்பதை மட்டும் முன்பே பார்த்துவிட வேண்டும். மலிவான டிஸ்குகளின் மேல் ‘ரெசின் பேட் ஒன்லி’ என்று, அதாவது பிசினால் செய்த பேட் மட்டுமே போடலாம் என்று, சிறிய எழுத்தில் பொறித்திருக்கும். அவற்றில் உலோகத் தூளைச் சுட்டு இறுக்கிய (சின்டர்) பேட்டைப் போட்டால் டிஸ்க் விரைவில் தேய்ந்துவிடும்.

எண்ணெய் விஷயத்தில் நடப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா ஆகியவற்றின் பிரேக்குகள் மினரல் ஆயிலில் இயங்குகின்றன. ஹேய்ஸ், ஹோப், எஸ்ராமின் பெரும்பாலான பழைய மாதிரிகள் ஆகியவற்றுக்கு டாட் (DOT) என்ற தர வரிசையில் வரும் பிரேக் திரவம் வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. விரலால் இழுக்கும் பிரேக் பிடியான லிவர் தளர்ந்துவிட்டது என்று கொண்டுபோகும் சைக்கிளில், மோட்டார் சைக்கிளுக்கு வைத்திருக்கும் டாட் வகை பிரேக் ஆயிலையே ஊற்றிக் கொடுக்கும் பட்டறைகள் உண்டு. மினரல் ஆயிலுக்கென்று செய்யப்பட்ட ரப்பர் வளையங்கள் அதில் ஊறி உப்பி, பிஸ்டன் உள்ளே திரும்பாமல் நின்றுவிடும். லிவரும், பேட்களைத் தாங்கும் கேலிப்பரும் சேர்ந்து வீணாகும். டாட் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 5.1 புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 260 டிகிரி. ஈரம் ஏறிய நிலைக்கு வரையறுக்கப்பட்ட குறைந்தபட்ச அளவு 180 டிகிரிதான். ஆகவே அந்த வகை பிரேக் வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது திரவத்தை முழுமையாக மாற்றிவிட வேண்டும்.

பேட்டில் எண்ணெய் படுவது அடுத்த பெரிய கேடு. செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போது பறக்கும் துளிகள் பின் டிஸ்கில் படிந்துவிடும். அடுத்த முறை பிரேக் பிடித்தால் காதைக் கிழிக்கும் சத்தம் வரும், பிடிமானம் இருக்காது. பேட்டைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், சொரசொரப்பாக இருக்க வேண்டிய முகம் கண்ணாடிபோல் பளபளப்பதைக் காணலாம். டிஸ்கை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தால் சுத்தமாகிவிடும். எண்ணெய் ஊறிய பேட்டை மணல்தாளில் தேய்ப்பதும் அடுப்பில் வாட்டுவதும் நம்பத்தக்க வழிகள் அல்ல, மாற்றிவிடுவதே நல்லது. பேட்டில் உராயும் பொருள் அரை மில்லிமீட்டருக்கு வந்தாலும், ஷிமானோ டிஸ்க் 1.5 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்ந்தாலும் அவற்றின் ஆயுள் முடிந்தது. புதுப் பேட் போட்டதும் நேரே மலைக்குப் போகாதீர்கள். சமதரையில் வேகமெடுத்து, சக்கரம் பூட்டாமல் படிப்படியாக வேகத்தைக் குறைப்பதை இருபது முறையாவது செய்து, பேட்டும் டிஸ்கும் ஒன்றோடொன்று பழகவிட வேண்டும். சக்கரம் கழற்றியிருக்கும்போது லிவரை அழுத்தக் கூடாது என்பதை வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

இனி ஃபோர்க். மலிவு சைக்கிள்களில் வரும் ஸ்பிரிங் ஃபோர்க் இரண்டரை கிலோவுக்குக் குறையாது. அமுங்கியதை அடக்கி மெதுவாக எழவைக்கும் டேம்பிங் அதில் பெயரளவுக்குத்தான் இருக்கும். 50 கிலோ ஆளுக்கும் 90 கிலோ ஆளுக்கும் ஒரே ஸ்பிரிங். அந்த விலையில், அமுங்காத ஃபோர்க்கும் காற்றைச் சற்றுக் குறைத்து ஓட்டக்கூடிய அகலமான டயரும் உள்ள சைக்கிளே மேல் என்பேன். காற்று ஃபோர்க் வாங்க வசதியுள்ளவர்களுக்கு அது நல்ல முதலீடுதான்; உடல் எடைக்கு ஏற்பக் காற்றழுத்தத்தை மாற்றிக்கொள்ளலாம். சைக்கிள் மீது வழக்கமான நிலையில் ஏறி நின்றால் மொத்த அமுக்கத்தில் 15 முதல் 25 சதவீதம் வரை இறங்க வேண்டும். குழாயிலுள்ள ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளிவிட்டு ஏறி இறங்கினால், வளையம் நிற்கும் இடம் அளவைச் சொல்லிவிடும். இதற்குரிய ஷாக் பம்ப்பைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். டயருக்குக் காற்றடிக்கும் பம்ப் இதற்கு உதவாது.

அதிகம் அமுங்கும் ஃபோர்க்கே சிறந்தது என்ற எண்ணமும் தவறு. 100 மில்லிமீட்டருக்கு வடிவமைத்த ஃபிரேமில் 120ஐப் பொருத்தினால் முன்பக்கம் உயர்ந்து, ஃபோர்க் நுழையும் ஹெட் குழாயின் கோணம் ஏறக்குறைய ஒரு டிகிரி சாய்ந்து, ஏற்றத்தில் முன்சக்கரம் அலையத் தொடங்கும். பழைய ஃபிரேம்களின் நேரான ஹெட் குழாயில், அடியில் ஒன்றரை அங்குலமாக விரியும் இன்றைய டேப்பர் ஃபோர்க் பெரும்பாலும் நுழையவே நுழையாது. முன்சக்கர அச்சும் 9 மில்லிமீட்டரா 15 மில்லிமீட்டரா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

பராமரிப்பில் ஃபோர்க் கேட்பது சிறிது கவனம்தான். ஓட்டி முடித்ததும் குழாயையும் தூசியைத் தடுக்கும் ரப்பர் வளையமான டஸ்ட் சீலின் உதட்டையும் மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள். அந்த உதட்டில் படியும் எண்ணெய் கலந்த கறுப்பு மண்தான் உள்ளே நுழைந்து குழாயின் பூச்சைக் கீறுகிறது. கீறிய குழாய்க்கு மாற்றுவதைத் தவிர வைத்தியம் இல்லை. வாட்டர் சர்வீஸ் குழாயின் பீய்ச்சலை சீலுக்கு நேரே காட்டவே கூடாது. ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியான கீழ்க்கால்களைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் மாற்றும் வேலையைப் பெரும்பாலான மாதிரிகளுக்கு ராக்‌ஷாக்ஸ் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை என்று வகுத்திருக்கிறது. மழையிலும் சேற்றிலும் ஓட்டுபவர்கள் அதற்கும் முன்பே செய்வது நல்லது.

சைக்கிள் கடை வைத்திருக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். விற்கும் ஒவ்வொரு ஹைட்ராலிக் மாதிரிக்கும் மாற்றுப் பேட் இரண்டு ஜோடியாவது கையிருப்பில் வையுங்கள். எந்த எண்ணெய் ஊற்ற வேண்டும் என்பதை ரசீதிலேயே தமிழில் எழுதிக் கொடுங்கள். அந்தச் சைக்கிள் ஊருக்குப் போன பிறகு அதைப் பிரிக்கப்போகும் மெக்கானிக்குக்கு அந்த ஒரு வரி பெரிய உதவியாக இருக்கும்.