ஸ்லிங்கர்ஸ் 2019இல் கிண்ணம் வெல்லவில்லை

ஆசியான் கூடைப்பந்து லீக்கின் 2018-19 பருவத்தில் நம் சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ் வெற்றியாளர் ஆனதாக வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு.

இறுதிச்சுற்று ஒரே ஆட்டம் அல்ல, ஐந்து ஆட்டத் தொடர். முதலில் மூன்றில் வெல்லும் அணிக்கே கிண்ணம். ஸ்லிங்கர்ஸ் இரண்டில் வென்றது; மூன்றை எட்டியது இந்தோனேசியாவின் சிஎல்எஸ் நைட்ஸ். ஆகவே 3-2 என்று பார்த்ததும் பகிராமல், அந்த 3 யார் பக்கம் என்று பாருங்கள்.

2016இல் மலேசியா டிராகன்ஸிடமும் இதே 3-2 கணக்கில்தான் தோற்றோம். 2016-17 இறுதிச்சுற்றில் ஹாங்காங் ஈஸ்டர்னிடம் தோற்றோம். மூன்று முறை இறுதிவரை வந்ததே பெரிய விஷயம், அதற்குப் பொய் முலாம் எதற்கு?

2019-20 பருவம் கொவிட்-19ஆல் பாதியில் நின்று, பின்னர் ரத்தானது. அந்தப் பருவத்துக்கு வெற்றியாளரே கிடையாது.