‘இங்கே பார், சிரி!’ என்று கத்துவதை நிறுத்துங்களேன்

குழந்தைகளின் புகைப்படங்களில் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒரு முகம் உண்டு. பல்வரிசை முழுவதும் தெரியும். கண்ணில் ஒன்றுமே இருக்காது. கேமராவுக்குப் பின்னால் நின்று நான்கு பெரியவர்கள் கைதட்டி, விசிலடித்து, "சிரி, சிரி" என்று கெஞ்சி வாங்கிய முகம் அது. துஷென் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862இலேயே இதைக் கவனித்து எழுதிவிட்டார்: உதட்டை இழுக்கும் தசை நாம் சொன்னபடி கேட்கும், கண்ணைச் சுற்றியுள்ள தசையோ உள்ளே மகிழ்ச்சி இருந்தால்தான் அசையும் என்று. குழந்தையிடம் போய் அந்தத் தசையை அசைக்கச் சொல்லி உத்தரவு போடுகிறோம்.

அந்தக் காலத்தில் வேறு வழியில்லை. ஒரு படம் பதியவே பல வினாடிகள் ஆகும். கைக்குழந்தை அசையாமல் இருக்க வேண்டுமே என்று, தாயைத் துணியால் போர்த்தி நாற்காலிபோல உட்காரவைத்து, அவள் மடியில் குழந்தையை வைத்துப் படமெடுத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் அந்தப் படங்களில் குழந்தைக்குப் பின்னால் முகமில்லாத ஒரு துணிக் குவியல் தெரியும். பார்க்கவே சற்றுப் பயமாக இருக்கும். இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் கைபேசி நல்ல வெளிச்சத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடியில் படமெடுத்துவிடுகிறது. கட்டாயம் போய்விட்டது; ஆனால் குழந்தையை நிறுத்திவைக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

சிறு குழந்தை சும்மா இருப்பதே இல்லை. டப்பாவின் மூடியோடு போராடும், எறும்பின் பின்னாலேயே போகும், இடது காலில் வலது செருப்பை மாட்டிவிட்டு வெற்றியோடு நிமிரும். நாக்கின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த முகம்தான் படம். அந்த நேரத்தில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டீர்களானால் தீர்ந்தது, குழந்தை வேலையை விட்டுவிடும்.

அதனால் முதலில் தரையில் உட்காருங்கள். நின்றபடி எடுத்தால் உச்சந்தலையும் தரையும்தான் மிஞ்சும். கேமராவை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எதுவும் எடுக்காதீர்கள். குழந்தை வரும், லென்ஸில் விரலை வைக்கும், உங்கள் மேல் ஏறும். ஏறட்டும். பிறகு சலித்துப் போய்த் தன் வேலைக்குத் திரும்பும், அப்போது தொடங்குங்கள். தூரத்தில் ஒளிந்துகொண்டு நீண்ட லென்ஸால் எடுப்பவர்களும் உண்டு. எனக்கு அது ஒப்பாது, வேவு பார்ப்பதுபோல் இருக்கிறது. இன்னொன்று, எடுத்த ஒவ்வொரு படத்தையும் உடனே திரையில் காட்டாதீர்கள். இரண்டு முறை பார்த்தால் போதும், மூன்றாவது முறை குழந்தை தானாகவே போஸ் கொடுக்க ஆரம்பித்துவிடும்.

வெளிச்சத்துக்கு ஜன்னல் ஓரம் போதும். ஃபிளாஷ் வேண்டாம், அது ஒரே வெட்டில் அந்த நேரத்தைக் கலைத்துவிடும். கேமரா வைத்திருப்பவர்கள், உட்கார்ந்து விளையாடும் குழந்தைக்கு 1/250 வினாடி, ஓடுகிற குழந்தைக்கு 1/500 அல்லது அதைவிட வேகமாக ஷட்டரை வையுங்கள். இருட்டாக இருந்தால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை, கூட்டத் தயங்க வேண்டாம். படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிவதை மன்னிக்கலாம், அசைவில் மங்கிப்போன முகத்தை என்ன செய்வது? பின்னணி மங்கலாக வரவேண்டும் என்ற ஆசையில் லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையை முழுதாகத் திறந்து வைப்பதும் சிக்கல்தான். குழந்தை கொஞ்சம் முன்னால் சாய்ந்தாலே கண் ஃபோகஸிலிருந்து நழுவிவிடும். கைபேசியின் இரவு முறை ஓடும் பிள்ளைகளுக்கு உதவாது; அது பல நொடிகளின் வெளிச்சத்தைச் சேர்த்துத்தான் படம் செய்கிறது.

"இயல்பாக இரு, அந்தப் பக்கம் பார்த்துச் சிரி" என்று இயக்கி எடுக்கும் ‘இயல்பான’ படங்களைப் பற்றி என்ன சொல்ல! அதைவிடச் சுவரோரம் விறைப்பாக நிற்கவைத்து எடுக்கும் பழைய பாணியே நேர்மையானது.

எல்லாக் கணமும் படத்துக்கு உரியதும் இல்லை. விழுந்து அழுகிற குழந்தைக்குத் தேவை தூக்கிக்கொள்ள இரண்டு கைகள். அந்தக் கைகளில் கேமரா இருக்கக் கூடாது. குளியல் படங்களை இணையத்தில் போடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. 1989இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 16ஆவது பிரிவு, குழந்தைக்கும் அந்தரங்கம் உண்டு என்கிறது. பேசத் தெரிந்த பிள்ளை "வேண்டாம்" என்றால் கேமராவைக் கீழே வைத்துவிடுங்கள். கைபேசியில் இட விவரம் பதியும் வசதி இயங்கினால், எங்கே எடுத்தது என்பதும் படக்கோப்புக்குள் இருக்கும். யாருக்காவது அனுப்புவதற்கு முன் அதை நீக்கிவிடுங்கள்.

தாத்தா பாட்டிக்கு எல்லோரும் நேராகப் பார்க்கும் படம் ஒன்று வேண்டும் என்பார்கள். அவர்கள் கேட்பதில் தவறில்லை. அதை முதலிலேயே, குழந்தைக்குப் பசியும் தூக்கமும் வருவதற்கு முன்பே, எடுத்து முடித்துப் பிள்ளையை விளையாட விட்டுவிடுங்கள்.