மோடத்தை வாங்கிக்கொண்டு போனீர்களே, அதற்கு எழுத்து கேட்டீர்களா?

நிறுத்தச் சொல்லிவிட்ட பிராட்பேண்டுக்கு, "எழுத்தில் கேட்கவில்லை" என்று சொல்லி இன்னும் பில் கேட்கும் நிறுவனத்தின் மின்னஞ்சலை நேற்று பகிர்ந்திருந்தேன். அதைப் படித்துவிட்டுப் பாதிப் பேர் சித்தப்பாவுக்காக வருத்தப்பட்டீர்கள். மீதிப் பேர் எனக்குப் பாடம் நடத்தினீர்கள். "எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்", "நகல் வாங்காமல் விடலாமா", "விதி என்றால் விதிதான்". மிக்க நன்றி. எழுபத்து நான்கு வயது மனிதரைப் பார்த்து இவ்வளவு கறாராகப் பேச முடிகிறவர்கள், அந்த நிறுவனத்திடம் இதில் கால்பங்கு கறார் காட்டியிருந்தால் நான் இந்தப் பதிவை எழுதியிருக்கவே மாட்டேன்.

அந்த நிறுவனத்திடம் என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். சேரும்போது கேட்காத எழுத்தை விலகும்போது மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?

சித்தப்பா அந்த பிராட்பேண்டில் எப்படிச் சேர்ந்தார் என்று எனக்குத் தெரியும், நான் கூடவே இருந்தேன். மதுரையில் அவர் தெரு முனையில் குடை விரித்து நின்றிருந்த பையன் வீடு வரை வந்தான். ஆதார் அட்டையைப் படம் எடுத்தான், ஓடிபி கேட்டான், சொன்னார். அன்று சாயங்காலமே மின்கம்பத்திலிருந்து மொட்டை மாடி வழியாகக் கேபிளை இழுத்துவிட்டுப் போனார்கள். ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. "மின்னஞ்சல் முகவரி சொல்லுங்கள் ஐயா" என்று கேட்டான். இல்லை என்றார். "பரவாயில்லை, நானே ஏதாவது போட்டுக்கொள்கிறேன்" என்று அவனே ஒன்றைப் போட்டுக்கொண்டான். இந்த மின்னஞ்சலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

வீட்டைக் காலி செய்துவிட்டுக் கோவைக்கு மகள் வீட்டுக்குப் போகும்போது, சேவை மையத்துக்குப் பேசி நிறுத்தச் சொன்னார். சரி என்றார்கள். புகார் எண் குறுஞ்செய்தியில் வந்தது. ஒருவர் வந்து மோடத்தைக் கழற்றினார். அடியில் ஒட்டியிருந்த வரிசை எண்ணைப் படம் எடுத்தார், அடாப்டரையும் மறக்காமல் கேட்டு வாங்கினார். அடாப்டர் இல்லாவிட்டால் பணம் பிடிப்பார்களாம். தன் கைபேசியை நீட்டி, திரையில் விரலால் கையெழுத்துப் போடச் சொன்னார். சித்தப்பா கோணல்மாணலாகப் போட்டார்.

இவ்வளவுக்கும் பிறகு மாதாமாதம் பில். இல்லாத வீட்டில், இல்லாத மோடத்துக்கு. கேட்டால், "தங்களிடமிருந்து எழுத்துபூர்வமான கோரிக்கை பெறப்படவில்லை." அடாப்டருக்குக் கணக்கு வைத்திருக்கிறவர்களிடம் இணைப்பை நிறுத்தியதற்குக் கணக்கு இல்லையாம்.

"யார் வேண்டுமானாலும் போன் செய்து அடுத்தவர் இணைப்பைத் துண்டித்துவிட்டால் என்ன செய்வது? அதற்குத்தானே எழுத்து?" என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி என்று ஒரு நிமிடம் நானும் நினைத்தேன். ஆனால் இதே சித்தப்பாவை இரண்டு முறை அதிக விலைத் திட்டத்துக்கு மாற்றியது தொலைபேசியில்தானே? அப்போது மறுமுனையில் பேசுவது அவர்தானா என்ற சந்தேகம் யாருக்கும் வரவில்லையே. பணம் கூடுதலாக வருகிறதென்றால் குரல் போதும், ஓடிபி போதும். பணம் நிற்கப் போகிறதென்றால் மட்டும் அடையாளச் சிக்கல் வந்துவிடுகிறது.

சரி, எழுத்துதான் வேண்டுமென்றால் எழுத்தே கொடுத்தோம். சித்தப்பா மகள் மின்னஞ்சல் அனுப்பினாள். பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்து வரவில்லை, ஏற்க இயலாது என்றார்கள். எது பதிவு செய்த மின்னஞ்சல்? அந்தப் பையன் அவனாகவே போட்டுக்கொண்டானே, அது! அதன் கடவுச்சொல்லுக்கு நாங்கள் அவனைத் தேடி எந்தத் தெரு முனைக்குப் போவது? எழுத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் சொன்னால் மின்னணு வடிவில் இருப்பதே போதும் என்று 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் நான்காம் பிரிவிலேயே சொல்கிறது. சட்டத்துக்குப் போதுமானது இவர்களுக்குப் போதவில்லை.

எழுதிக் கொடுப்பதைப் பற்றி எனக்குச் சொல்லித்தர வராதீர்கள். என் அப்பா பொதுப்பணித் துறையில் எழுத்தராக இருந்தவர். ரேஷன் கடைக்கு எழுதும் கடிதத்துக்குக்கூடக் கார்பன் நகல் வைப்பார். தொண்ணூறுகளில் அவருக்கு மாற்றல் வந்தபோது, வருடக்கணக்காகக் காத்திருந்து வாங்கிய தொலைபேசியைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். கருவியை மஞ்சள் பையில் போட்டு நான்தான் தூக்கிக்கொண்டு நடந்தேன். எக்ஸ்சேஞ்சில் இருந்தவர், "ஏன் சார் சரண்டர் செய்கிறீர்கள்? திரும்ப வாங்க எத்தனை வருடம் ஆகும் தெரியுமா?" என்று அப்பாவைத் திட்டாத குறை. ஆனாலும் மனுவை வாங்கினார், நகலில் முத்திரை குத்தித் தேதி போட்டுக் கொடுத்தார். டெபாசிட் பணமும் பிறகு வந்தது.

அங்கே ஒரு மேசை இருந்தது, மேசைக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்தார். இன்று அந்த ஆள் எங்கே? ஊரில் இருக்கும் ஷோரூமுக்குப் போனால், "இங்கே புது இணைப்பு மட்டும்தான் சார், நிறுத்துவதற்கு அந்த எண்ணுக்குப் பேசுங்கள்" என்கிறார் அந்தப் பெண். அந்த எண்ணில் பேசினால் எழுத்தில் கொடுங்கள் என்கிறார்கள். எழுத்தை வாங்கிக்கொள்ள ஓர் ஆளை வைக்காமல் எழுத்து கேட்பதற்குப் பெயர் விதியா? பதிவுத் தபாலில் அனுப்பு என்கிறவர்களுக்கு: அந்தப் பதிவுத் தபாலையே 2025இல் விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள்.

"டிராய்க்குப் புகார் செய்யுங்கள்." தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை, நிறுவனத்திடமே போகச் சொல்லும். 2012ஆம் ஆண்டு விதிமுறைப்படி முதலில் நிறுவனத்தின் புகார் மையம், அடுத்து மேல்முறையீட்டு அதிகாரி. அந்த அதிகாரி யார்? அதே நிறுவனம் நியமித்தவர். வாழ்க.

"நுகர்வோர் நீதிமன்றம் எதற்கு இருக்கிறது?" 2009இல் உச்ச நீதிமன்றம், தகராறுகளை நடுவரிடம் அனுப்பச் சொல்லும் தந்திச் சட்டத்தின் 7பி பிரிவைக் காட்டி, தொலைபேசிப் பில் தகராறுகளுக்கு நுகர்வோர் மன்றம் போக முடியாது என்றது. எத்தனை பேர் அதைக் கேட்டு வாசலோடு திரும்பியிருப்பார்கள்! 2022இல்தான், போகலாம், தடையில்லை என்று அதே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. ஐந்து லட்சம் வரை கட்டணமும் கிடையாது. எல்லாம் சரி. நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்காக, மூட்டு வலிக்காரர் ஒருவர் எத்தனை வாய்தாவுக்குப் படி ஏறுவார் என்பதும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பதின்மூன்று ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டது. சந்தாவிலிருந்து விலகுவதைச் சிக்கலாக்குவதும் அதில் ஒன்று. ஜெர்மனியில் 2022 ஜூலை முதல், இணையத்தில் ஒப்பந்தம் போடவைக்கும் நிறுவனம் அதை ரத்து செய்ய அதே இணையதளத்தில் ஒரு பொத்தானும் வைக்க வேண்டும் என்பது சட்டம். நான் கேட்பதும் அவ்வளவுதான். ஓடிபியில் சேர்த்தீர்கள், ஓடிபியில் விடுங்கள்.

"நிறுவனங்களைக் குறை சொல்வதே உனக்கு வேலை" என்று எழுதிய உறவினருக்குப் பதில் சொல்லப் போவதில்லை. அவர் வீட்டுக் கல்யாணத்தில் பேசிக்கொள்கிறேன்.

எனக்கு உண்மையில் பொறுக்காதது பணம் இல்லை. வசூலிக்கும் ஆள் சித்தப்பாவை அழைத்து, "பெரிய மனிதர் மாதிரிப் பேசுகிறீர்கள், பாக்கியைக் கட்டாமல் ஊரை விட்டு ஓடிவிட்டீர்களே" என்று கேட்டிருக்கிறான். முப்பத்தைந்து வருடம் கூட்டுறவு வங்கியில் அடுத்தவர் பணத்தை எண்ணிக் கொடுத்தவர் அவர். மளிகைக் கடையில்கூடக் கடன் சொல்லாதவர். வக்கீல் நோட்டீஸ் வரும், சிபில் கடன் மதிப்பெண் போய்விடும் என்றெல்லாம் மிரட்டியிருக்கிறான். பாவம், அவனுக்கும் ஒரு மேலாளர் இருப்பார், இலக்கு இருக்கும் என்று நீங்கள் சொல்லலாம். இருக்கட்டும். இந்தப் பதிவில் அவனுக்காகப் பரிதாபப்பட என்னால் முடியாது.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். மேல்முறையீட்டு மனுவும் போயிருக்கிறது. மகளோ, "கட்டித் தொலைத்துவிடலாம் அண்ணா, அப்பா ராத்திரி தூங்குவதில்லை" என்கிறாள். வேண்டவே வேண்டாம் என்று அவளிடமும் சொல்லிவிட்டேன், சித்தப்பாவிடமும் சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டினார். ஆனால் இன்று காலை அழைத்து, பணம் கட்ட வேண்டுமானால் எந்த எண்ணுக்கு அனுப்ப வேண்டும் என்று சும்மா தெரிந்துகொள்ளக் கேட்பதாகச் சொன்னார். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். மறுபடி அந்த ஆள் அழைத்தால் அவனிடமே கேட்டுவிடுவார்.