ஐன்ஸ்டைனிடம் அந்தக் கணக்கு போகவே இல்லை

அமெரிக்க அணுகுண்டு உருவாக்கத்தை வழிநடத்திய இயற்பியலாளரைப் பற்றி 2023 ஜூலையில் வந்த 'ஓப்பன்ஹைமர்' படத்தைப் புகழ்ந்தவர்கள் பலரும் ஐன்ஸ்டைன் வரும் காட்சிகளைத்தான் அதிகம் சொன்னார்கள். நடிப்பும் எடுத்த விதமும் அருமை, அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் "அணுகுண்டு வெடித்தால் வளிமண்டலமே பற்றி எரியுமா என்ற கணக்கை ஓப்பன்ஹைமர் ஐன்ஸ்டைனிடம் காட்டினார்" என்று அதை வரலாறாகவே பகிர்கிறார்கள். அது தவறு.

1942 கோடையில் இயற்பியலாளர் எட்வர்ட் டெல்லர் அந்தச் சந்தேகத்தை எழுப்பியது உண்மை. காற்றிலுள்ள நைட்ரஜன் அணுக்கள் ஒன்றோடொன்று இணைந்து எரியத் தொடங்குமோ என்பதுதான் பயம். ஓப்பன்ஹைமர் பேசப் போனது ஆர்தர் காம்ப்டனிடம். சிகாகோ ஆய்வுக்கூடத்தை நடத்திவந்தவர் அவர். அந்த இடத்தில் ஐன்ஸ்டைனைக் கொண்டுவந்தது தன் மாற்றம்தான் என்று இயக்குநர் நோலனே சொல்லியிருக்கிறார். பார்வையாளர்களுக்குத் தெரிந்த முகம் ஐன்ஸ்டைன்தானே!

அப்புறம், ஐன்ஸ்டைனுக்கு இந்த ரகசிய அணுகுண்டுத் திட்டத்தில் இடமே இல்லை. அமெரிக்க ராணுவ உளவுத்துறை 1940-லேயே அவருக்குப் பாதுகாப்பு அனுமதி மறுத்துவிட்டது. போர்க்காலத்தில் அவரிடம் இப்படியொரு கணக்கை நீட்டியிருந்தால் அதுவே பெரிய விதிமீறல்.

சரி, பயத்தைத் தீர்த்தது யார்? இயற்பியலாளர் ஹான்ஸ் பெத்தே. கதிர்வீச்சாக வெளியேறும் ஆற்றல், இணைவில் கிடைப்பதைவிட அதிகம். அதனால் எரிதல் தானாகவே அடங்கிவிடும் என்று அவர் கணக்கிட்டார். படத்தைப் பாராட்டும்போது காம்ப்டன், பெத்தே பெயர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.