பாக்கி வேறு, பூட்டை உடைத்தது வேறு

வாடகை பாக்கிக்காக ஓனர் பூட்டை உடைத்து, குடியிருந்த குடும்பத்தின் சாமான்களை வெளியே எறிந்த அந்த வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். மாடிப்படியில் சுருட்டி எறிந்த பாய், கவிழ்ந்த அரிசி வாளி, மழையில் நனைந்த புத்தகங்கள். மறுபடி அதை விவரிக்க எனக்கு மனசில்லை. ஆறாதது அதற்குக் கீழே வந்த கருத்துகள்தான். "ரெண்டு மாசம் வாடகை தரலைன்னா வேற என்ன பண்ணுவாங்க?" "அவர் வீடு, அவர் திறக்கிறார்." இப்படி எழுதியவர்களில் பல பேர் வாடகை வீட்டில் இருப்பவர்கள். அதுதான் வலிக்கிறது.

வாடகை பாக்கி வேறு, வீட்டுக்குள் புகுந்து பொருளை எடுத்தது வேறு. முன்னது பணத் தகராறு. பின்னது குற்றம். பாக்கி இருப்பதால் குற்றம் குற்றமில்லாமல் போய்விடாது.

வாடகைக்கு விட்ட நாளிலிருந்து அந்த வீட்டின் சுவாதீனம், அதாவது அனுபவித்துக் குடியிருக்கும் உரிமை, குடியிருப்பவரிடம். ஓனரிடம் மாற்றுச் சாவி இருக்கலாம். அது உள்ளே நுழையும் உரிமை ஆகாது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடப்பில் இருக்கும் வாடகைச் சட்டம், ரிப்பேர் பார்க்க வருவதற்கே 24 மணி நேரம் முன்னால் தகவல் கொடுக்கச் சொல்கிறது. பூட்டை உடைத்து உள்ளே போவதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை. 1882இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தில்கூட, சென்னை நகரத்தில் வாடகை பாக்கிக்குச் சாமான்களை ஜப்தி செய்ய ஓனர் கோர்ட்டில் வாரண்ட் வாங்க வேண்டும். சூரியன் உதித்து மறைவதற்குள் கோர்ட் ஆள் வந்து எடுக்க வேண்டும், ஓனர் இல்லை.

"திருடவா செஞ்சார், பாக்கி வரும்வரை பிடிச்சுதானே வச்சார்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். கடனை வசூலிக்க, கடன்பட்டவர் சம்மதம் இல்லாமல் அவர் பொருளை எடுத்துப்போவதும் திருட்டுதான் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 1895இலேயே சொல்லிவிட்டது.

ஆனால் ஸ்டேஷனில் முதலில் வரும் பதில்: "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க." அந்தப் பதிலுக்குப் பாதி வழியை நாமே போட்டுக் கொடுக்கிறோம். தையல் தைத்துப் பிழைக்கும் ஒரு அம்மாவின் பெட்டிஷன் நகலைப் பார்த்தேன். இரண்டு பக்கம். ஒன்றரைப் பக்கத்துக்கு அட்வான்ஸ் திரும்ப வராதது, மோட்டார் போடுவதில் சண்டை, ஓனரின் மருமகள் பேசிய பேச்சு. கடைசி மூன்று வரியில்தான் பூட்டு உடைந்ததும் தையல் மெஷின் போனதும். முதல் பத்தியைப் படித்ததுமே ஆய்வாளர் சிவில் என்று மடித்து வைத்துவிட்டார். போனது மெஷின் மட்டுமில்லை, தைக்கக் கொடுத்திருந்த மற்றவர்களின் பிளவுஸ் துணிகளும் அளவு ஜாக்கெட்டுகளும். அந்தப் பெண்களுக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். அது பெட்டிஷனில் ஒரு வரிகூட இல்லை.

தலைகீழாக எழுதுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, யார் யார் வந்தார்கள், பூட்டு எப்படித் திறக்கப்பட்டது, என்னென்ன போனது, ஒவ்வொன்றும் என்ன மதிப்பு, யார் பார்த்தார்கள். முதல் பத்தியிலேயே "என் சம்மதமில்லாமல் பூட்டை உடைத்து உள்ளே புகுந்து எடுத்துச் சென்றார்" என்று வந்துவிட வேண்டும். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் வீட்டுக்குள் அத்துமீறி நுழைவது பிரிவு 329, பூட்டை உடைத்து நுழைவது 331, குடியிருக்கும் வீட்டில் திருட்டு 305. அட்வான்ஸ் கதையை அதில் கலக்காதீர்கள், அதற்கு வேறு இடம் இருக்கிறது.

பெட்டிஷனைக் கொடுத்ததும் சிஎஸ்ஆர், அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீதைக் கேட்டு வாங்குங்கள். எஃப்ஐஆர் போட மறுத்தால் அதே புகாரைப் பதிவுத் தபாலில் எஸ்பிக்கு, சென்னை போன்ற மாநகரமென்றால் துணை ஆணையருக்கு அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் மனு. தபால் ரசீது இல்லாமல் அங்கே போய் நிற்காதீர்கள், முதல் கேள்வியே அதுதான்.

ஓனர் தன் பூட்டைப் போட்டிருந்தால் அதை நீங்கள் உடைக்க வேண்டாம். உடைத்தால் உங்கள் மேலும் ஒரு புகார் வரும். 100க்கு அழைத்து, போலீஸ் வரும்வரை நின்று வீடியோ எடுங்கள். அந்த ஒரிஜினல் ஃபைல் போனிலேயே இருக்கட்டும், வாட்ஸ்அப்பில் போனது தரம் குறைந்துவிடும். எதிர்வீட்டு சிசிடிவியை அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். சில நாளில் பழைய பதிவு அழிந்துவிடும். அக்ரிமென்ட் இல்லையே என்று பயப்பட வேண்டாம். வாடகை போட்ட ஜிபே பதிவு, கேஸ் புத்தகம், கூரியர் வந்த முகவரி, இவையே நீங்கள் அங்கே குடியிருந்ததைச் சொல்லும்.

வீட்டைவிட்டே வெளியே தள்ளிவிட்டால் 'குறிப்பிட்ட நிவாரணச் சட்டம்' (Specific Relief Act) என்ற சட்டத்தின் 6வது பிரிவு இருக்கிறது. வெளியேற்றிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். வீடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியே அதில் வராது. சட்டப்படி இல்லாமல் வெளியேற்றினார்களா, அவ்வளவுதான். அந்தத் தீர்ப்புக்கு அப்பீலும் கிடையாது. 'பேசித் தீர்த்துக்கலாம்' என்று சொல்லிச் சொல்லியே அந்த ஆறு மாதத்தை ஓட்டிவிடுவார்கள், ஏமாந்துவிடாதீர்கள். பொருளைத் திரும்பக் கேட்க அதே சட்டத்தின் 7வது பிரிவு. வக்கீலுக்குப் பணமில்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, போன் எண் 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசம்.

"ஓனருக்கும் கஷ்டம் இருக்காதா, வயசானவங்க வாடகையை நம்பித்தானே இருக்காங்க" என்பீர்கள். இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. அவர்களுக்கும் சட்டம் வழி வைத்திருக்கிறது. இரண்டு மாத பாக்கி, நோட்டீஸ் கொடுத்தும் ஒரு மாதத்தில் வரவில்லையென்றால் வாடகை நீதிமன்றத்தில் காலி செய்யக் கேட்கலாம். மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் வழக்கு மெதுவாக நடக்கிறது என்பதற்காக ஒரு பிள்ளையின் புத்தகத்தை மழையில் போட யாருக்கும் உரிமை வந்துவிடாது. அந்தப் புத்தகங்களில் பெயர் எழுதிய லேபிள்கூட இருந்தது. பார்த்தீர்களா?

அந்தக் குடும்பத்தைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் முதலில் எதிர்க்கடை கேமராவைக் கேட்கச் சொல்லுங்கள், இன்றைக்கே. பாக்கி வாடகையை எவ்வளவு முடிகிறதோ அவ்வளவு பேங்க் வழியாகப் போடச் சொல்லுங்கள், கையில் கொடுக்க வேண்டாம். பெட்டிஷன் எழுத ஆள் வேண்டுமென்றால் இன்பாக்ஸில் வரச் சொல்லுங்கள், நான் உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.